உப்பைக் கழுவுங்கள், பிறகு மின்சாரத்தைத் தொடுங்கள்: சயனோபற்றீரியாவிலிருந்து மின்துடிப்பால் டி.என்.ஏ. எடுத்தல்

திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புத்தான். சன்னல் கம்பி துருவேறுகிறது, மின்னிணைப்பு முனைகளில் பச்சை படிகிறது, கொட்டியாரக் குடாவிலிருந்து காற்று வீசும் நாளில் ஆய்வுகூட மேசையைத் துடைத்தால் துணி பிசுபிசுக்கிறது. மின்துடிப்பால், அதாவது கலங்களுக்குக் கணநேரம் உயர் மின்னழுத்தம் கொடுத்து, டி.என்.ஏ. பிரித்தெடுக்க இந்த ஊரில் உட்காரும் எவருக்கும் முதற்பகை இந்த உப்பு. கரைசலில் உப்பு இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தித் துடிப்பைக் குலைத்துவிடும். பல ஆண்டுகளாக மாணவர்களோடு இந்த வேலையைச் செய்து வந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது: துடிப்பு 5 மில்லிசெக்கனில் முடிந்துவிடும், அது வெல்லுமா தோற்குமா என்பது அதற்கு முந்திய இரண்டு மணி நேரக் கழுவலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் கழுவலுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பல்கலைக்கழக முதலாம், இரண்டாம் ஆண்டு உயிரியல் மாணவர்களையும், உயர்தர வகுப்பில் செயல்திட்டம் செய்யும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். துடிப்புக் கருவியைப் பிள்ளைகள் தனியே கையாளக்கூடாது. அதைவிட முக்கியமாக, யாரும் இந்தக் கருவியை வீட்டில் செய்து பார்க்கக்கூடாது. 2500 வோல்ற்றில் ஏற்றிய கொள்ளளவி (மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகம்) ஒரு மனிதரின் இதயத்தை நிறுத்தப் போதுமானது.

ஏன் மின்துடிப்பு?

நீலப்பச்சை அல்கா என்று நாம் பாடசாலையில் படித்த சயனோபற்றீரியா, ஒளித்தொகுப்பு செய்யும் பற்றீரியாக்களில் ஒரு பெருங்குலம். அதன் கலத்தைத் திறப்பது எளிதல்ல. வெளியே பல்சக்கரைட்டாலான வழுவழுப்பான உறை, அதற்குள் வெளி மென்சவ்வு, அதற்குள் ஈ. கோலை என்ற குடற் பற்றீரியாவினதைவிடத் தடித்த பெப்ரிடோகிளைக்கன் சுவர், அதற்கும் உள்ளே உள் மென்சவ்வு. கண்ணாடி மணிகளோடு குலுக்கினால் கலம் உடையும், டி.என்.ஏ.யும் துண்டு துண்டாகும். திரவ நைதரசனில் உறையவைத்து அரைக்கலாம், ஆனால் எங்களைப் போன்ற சிறிய ஆய்வுகூடத்துக்கு அது கைக்கெட்டும் பொருள் அல்ல. சுவரைக் கரைக்கும் லைசோசைம் நொதியம் நன்று, ஆனால் சில இனங்களில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மின்புலம் வேறு வழியில் வேலை செய்கிறது. புலத்துக்குள் வைத்த கலத்தின் மென்சவ்வுக்குக் குறுக்கே ஒரு மின்னழுத்தம் எழும். அதன் உச்ச அளவு ஏறத்தாழ 1.5 × கலத்தின் ஆரை × புலத்தின் செறிவு. ஒரு மைக்ரோமீற்றர் ஆரையுள்ள கலத்தைச் சென்ரிமீற்றருக்கு 12.5 கிலோவோல்ற்றுப் புலத்தில் வைத்தால் மென்சவ்வின் மேல் ஏறத்தாழ 1.9 வோல்ற்று விழும். மென்சவ்வில் துளைகள் திறக்க ஒரு வோல்ற்று அளவே போதும். அதைக் கடந்து போனால் துளைகள் மூடாமல் கலம் சாகும்.

இதே துடிப்பைத்தான் டி.என்.ஏ.யைக் கலத்துக்குள் செலுத்தவும் பயன்படுத்துகிறார்கள். 1967 இல் சேல், ஹமில்ற்றன் இருவரும் வலிய மின்புலம் நுண்ணங்கிகளைக் கொல்வதை ஆராய்ந்து எழுதினார்கள். 1982 இல் எபர்ஹார்ட் நியூமன் குழுவினர் அந்தத் துளைகள் வழியே எலியின் கலங்களுக்குள் மரபணுவைச் செலுத்திக் காட்டினார்கள். நாம் அந்தக் கதவை மறுபக்கமாகத் திறக்கிறோம். உள்ளே செலுத்தும்போது கலம் பிழைக்க வேண்டும் என்ற கவலை உண்டு, நமக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். துளைகளின் அகலம் நனோமீற்றர் அளவுதான். சினெக்கோசிஸ்டிஸ் பி.சி.சி. 6803 என்ற சயனோபற்றீரியாவின் நிறமூர்த்தம் 35 இலட்சத்துக்கும் அதிகமான மூலச் சோடிகள் கொண்டது. அது முழுதாக அந்தத் துளையால் நழுவி வராது. சிறிய பிளாஸ்மிட்டுகளும் (நிறமூர்த்தத்துக்கு வெளியே உள்ள வளைய டி.என்.ஏ.க்கள்), முற்றாகக் கிழிந்த கலங்களிலிருந்து நிறமூர்த்தத் துண்டுகளுமே வெளியே வரும். பி.சி.ஆர். (டி.என்.ஏ.யின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்யவும், பிளாஸ்மிட் இருக்கிறதா என்று பார்க்கவும் இது போதும். நீண்ட துண்டுகளின் மூல வரிசையை வாசிக்கப் போகிறவர்கள் லைசோசைம் வழியில் போவதே நல்லது.

எதை எடுப்பது, எங்கிருந்து எடுப்பது

முதல் முறை செய்பவர்கள் தூய வளர்ப்பில் தொடங்குங்கள். சினெக்கோசிஸ்டிஸ் 6803 மிகப் பொருத்தம். அது நன்னீர் இனம், தனிக்கலம், தடித்த வழுவழுப்புறை இல்லை. ஒளித்தொகுப்பு செய்யும் உயிரிகளில் முதன்முதலாக முழு மரபுத்தொகுதியும் வாசிக்கப்பட்டது இதற்குத்தான். அதை 1996 இல் ஜப்பானின் கசூசா டி.என்.ஏ. ஆய்வு நிறுவனம் செய்து முடித்தது.

கை பழகிய பிறகு வெளியே போகலாம். கந்தளாய்க் குளத்து நீரில் மிதக்கும் பச்சைப் படலம் நல்ல மாதிரி. நிலாவெளிப் பக்கத்து உப்பளப் பாத்திகளின் அடியில் படியும் பாசிப் படலம் அதைவிடச் சுவையான மாதிரி, அதைவிடக் கடினமானதும் கூட. கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு அங்கே சுவரில் படிந்த பச்சை கண்ணில் படாமல் இராது. அது தொல்பொருள் முக்கியத்துவமும் வழிபாட்டு மதிப்பும் கொண்ட இடம், எழுத்து மூல அனுமதி இல்லாமல் ஒரு துளிகூட எடுக்கக்கூடாது. 2003 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் புறாத்தீவுக்கும் இதே விதி. குளத்துப் பச்சைப் படலத்தில் ஈரலைத் தாக்கும் நச்சு இருக்கக்கூடும், கையுறை அணிந்தே எடுங்கள்.

வளர்ப்பும் அறுவடையும்

பி.ஜி.11 ஊடகம், 28 முதல் 30 பாகை செல்சியஸ், சாதாரண வெள்ளைக் குழாய் விளக்கு, மெல்லிய குலுக்கல். எங்கள் ஊர் வெப்பத்தில் சூடாக்கி தேவைப்படுவதில்லை. மதிய வெப்பம் 33, 34 பாகைக்கு ஏறும் மாதங்களில் குடுவையைச் சன்னலோரத்திலிருந்து உள்ளே நகர்த்தினால் போதும்.

730 நனோமீற்றரில் ஒளியடர்த்தி (கலங்கள் எவ்வளவு அடர்ந்துள்ளன என்பதன் அளவு) 0.8 வரும்போது அறுவடை செய்யுங்கள். முதிர்ந்த வளர்ப்பை எடுக்காதீர்கள், அதில் சுவர் தடித்திருக்கும், சளியும் கூடியிருக்கும். அறுவடைக்கு முன் குடுவையைச் சில மணி நேரம் இருட்டில் வைப்பது என் வழக்கம். பகலில் இந்தக் கலங்கள் கிளைக்கோஜனைச் சேமிக்கின்றன, இருட்டில் அதைச் செலவழிக்கின்றன. அந்தச் சேமிப்புத்தான் பின்னால் டி.என்.ஏ.யோடு சேர்ந்து வீழ்படிந்து பசைபோல ஒட்டிக்கொண்டு தொல்லை தருவது. இரவு விளக்கை அணைத்துவிட்டு, விடிந்ததும் வெளிச்சம் படுமுன் எடுத்தால் பாதித் தொல்லை குறையும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 40 மில்லிலீற்றர் வளர்ப்பில் ஏறத்தாழ 300 கோடி கலங்கள் இருக்கும். மரபுத்தொகுதியின் ஒரு பிரதி 3.9 ஃபெம்ரோகிராம், ஒரு கலத்தில் பத்துப் பிரதிகள் அளவில் இருக்கும். கணக்குப் பார்த்தால் உச்சவரம்பு 120 மைக்ரோகிராம் அளவு வருகிறது. கையில் கிடைப்பது அதில் சிறு பங்குதான். பி.சி.ஆர். கேட்பதோ சில நனோகிராம்.

கழுவல்

இங்கேதான் நின்று நிதானமாகச் செய்ய வேண்டும்.

வளர்ப்பை 4 பாகையில், 5000 ஜி விசையில், 10 நிமிடம் மையநீக்கம் செய்யுங்கள், அதாவது வேகமாகச் சுழற்றிக் கலங்களை அடியில் கட்டியாகப் படியவையுங்கள். புவியீர்ப்பின் மடங்கைக் குறிக்கும் "ஜி" என்பதும் நிமிடச் சுழற்சி எண்ணிக்கையும் ஒன்றல்ல. 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சுழலியில் 5000 ஜி வர நிமிடத்துக்கு 6700 சுழற்சி வேண்டும். குளிரூட்டும் மையநீக்கி இல்லையென்றால் குழாய்களை ஐஸில் புதைத்து, சுழலியையும் முதலில் குளிரவைத்துச் செய்யலாம். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் ஐஸ் கட்டியே எங்களுக்கு உதவியது. சாக்கில் சுற்றி மரச்சுத்தியலால் நொறுக்கினால் மாலைவரை தாங்கும். அந்த ஐஸ் உருகிய நீர் குழாயின் உள்ளே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் உப்பு இருக்கும்.

முதற் கழுவல், உலோக அயன்களைப் பிடிக்கும் ஈ.டி.ரி.ஏ.யின் 10 மில்லிமோலர் கரைசலில். வெளி மென்சவ்வைக் கட்டி வைத்திருக்கும் மகனீசியம், கல்சியம் அயன்களை இது பிடுங்கிவிடும். டி.என்.ஏ.யைத் தின்னும் நொதியங்களுக்குத் தேவையான அயன்களும் அதோடு போகும். ஐஸில் 10 நிமிடம் வைத்துவிட்டு மையநீக்கம் செய்து மேல்திரவத்தை ஊற்றிவிடுங்கள். ஈ.டி.ரி.ஏ.யும் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் அதன் மிச்சமும் போக வேண்டும்.

இரண்டாம், மூன்றாம், நான்காம் கழுவல்கள் அயனகற்றிய குளிர் நீரில், ஒவ்வொன்றும் 20 மில்லிலீற்றர். கட்டியைப் பிப்பெற்றால் அடித்துக் கலக்காதீர்கள், குழாயைச் சுழற்றிச் சுழற்றியே கரையுங்கள். கடைசிக் கழுவல் 10 வீதக் கிளிசரோலில். முடிவில் 0.4 மில்லிலீற்றர் அளவுக்கு ஒடுக்குங்கள். அதாவது நூறு மடங்கு செறிவு.

போதுமான அளவு கழுவிவிட்டோமா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் நீரைச் சோதிக்கப் பேனா போன்ற ஒரு கருவி வைத்திருப்பார்களே, அதை ஒன்று வாங்கி வையுங்கள். கடைசி நீர்க் கழுவலின் மேல்திரவத்தில் அதை நனைத்துப் பாருங்கள். 50 பி.பி.எம்.முக்கு (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு கரைந்த உப்பு என்ற அளவு) மேல் காட்டினால் இன்னொரு முறை கழுவுங்கள். அது சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 100 மைக்ரோசீமன்ஸ் கடத்துதிறனுக்குச் சமம்.

அந்த எண்ணை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று விளக்குகிறேன். மின்முனைகளுக்கிடையே 0.2 சென்ரிமீற்றர் இடைவெளியும் 0.4 மில்லிலீற்றர் கொள்ளளவும் உள்ள கியூவெற் என்ற சிறு பாத்திரத்தில் 100 மைக்ரோசீமன்ஸ் திரவம் இருந்தால் அதன் தடை 1000 ஓம். கருவிக்குள் 200 ஓம் தடையும் 25 மைக்ரோஃபரட் கொள்ளளவியும் இருக்கின்றன. இரண்டு தடைகளும் சமாந்தரமாக நின்று, துடிப்பின் நேர மாறிலி, அதாவது அது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதன் அளவு, 4.2 மில்லிசெக்கன் வரும். கழுவாத பி.ஜி.11 ஊடகத்தின் கடத்துதிறன் 2000 மைக்ரோசீமன்ஸ் அளவு, ஆகவே தடை 50 ஓமாகச் சரியும், நேர மாறிலி 1 மில்லிசெக்கனாகும். கடல்நீர் என்றால் தடை வெறும் 2 ஓம். அதில் துடிப்பே எழாது, பொறிதான் எழும்.

வெப்பத்தையும் பாருங்கள். 2500 வோல்ற்றில் ஏறிய கொள்ளளவி 78 யூல் சக்தியைச் சுமக்கிறது. நன்கு கழுவிய மாதிரி அதில் ஆறிலொரு பங்கை மட்டும் வாங்கும், வெப்பநிலை 8 பாகை ஏறும். கழுவாத ஊடகம் ஐந்தில் நான்கு பங்கை வாங்கி 37 பாகை ஏறிவிடும்.

உப்பளத்து மாதிரிகளுக்கு இன்னொரு கவனம். உவர்நீரில் வாழ்ந்த கலத்தை நேரே தூய நீரில் போட்டால் பிரசாரணத்தால் வீங்கி வெடிக்கும். டி.என்.ஏ. கழுவல் நீரோடு வாய்க்காலுக்குப் போய்விடும், நாம் துடிப்பைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம். இந்த மாதிரிகளை 0.5 முதல் 1 மோலர் சோபிற்றோல் கரைசலில் கழுவுங்கள். சோபிற்றோல் கலத்தைத் தாங்கிப் பிடிக்கும், மின்சாரத்தைக் கடத்தாது.

இதை நான் கற்றது ஒரு வெடிச்சத்தத்தில். களப்பிலிருந்து எடுத்த மாதிரியை நேரம் போதாதென்று இரண்டே முறை கழுவிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். நீல ஒளி பளிச்சிட்டது, கியூவெற்றின் மூடி தெறித்தது, அலுமினியத் தகடுகள் கருகின. அருகில் நின்ற மாணவி, "சேர், கை பட்டதா?" என்று பதறினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அந்தப் பேனா கருவி காட்டும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதாமல் யாரையும் அடுத்த படிக்குப் போக நான் விடுவதில்லை.

துடிப்பு

கியூவெற்றை ஐஸில் 5 நிமிடம் குளிரவையுங்கள். கலக்கரைசலை நுரை வராமல் ஊற்றி, மேசையில் மெதுவாகத் தட்டிக் குமிழிகளைப் போக்குங்கள். குமிழியும் பொறிக்கு ஒரு காரணம். பிறகு கியூவெற்றின் வெளிப்புறத்தை மெல்லிய தாளால் உலரத் துடையுங்கள். நமது ஈரக் காற்றில் குளிர்ந்த கியூவெற் எடுத்தவுடனேயே வியர்க்கும், ஆகவே துடைத்த கையோடு கருவிக்குள் செருக வேண்டும்.

2.5 கிலோவோல்ற்று, 25 மைக்ரோஃபரட், 200 ஓம் என்று அமையுங்கள். பொத்தானை அழுத்திய பின் கருவி காட்டும் நேர மாறிலியை எழுதுங்கள். 4 க்கு மேல் இருந்தால் நல்லது. 3 க்குக் கீழே வந்தால் கலக்கட்டிக்குள் உப்பு மிச்சமிருக்கிறது, அடுத்த துடிப்புக்குப் போகாமல் திரும்பக் கழுவுங்கள்.

ஒரு துடிப்போடு நிறுத்த வேண்டாம். மூன்று துடிப்புகள் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடம் ஐஸில். இரண்டாம், மூன்றாம் துடிப்பில் நேர மாறிலி சற்றுச் சுருங்கும். கலத்துக்குள் இருந்த அயன்கள் வெளியே கசிவதால் அப்படி ஆகிறது. மனம் குளிரப் பார்க்க வேண்டிய அறிகுறி அது.

மின்வெட்டைப் பற்றிக் கேட்பார்கள். கொள்ளளவி முதலில் நிரம்பிப் பிறகே வெளியேற்றுவதால் வலுவின் சிறு ஏற்றத்தாழ்வு துடிப்பைப் பெரிதாகக் கெடுக்காது. கெடுவது மையநீக்கிதான், அது பாதியில் நின்றால் கட்டி கலைந்துவிடும். 2022 இன் நீண்ட மின்வெட்டு மாதங்களில் அட்டவணையைப் பார்த்து, கழுவல் முழுவதும் மின் உள்ள நேரத்துக்குள் அடங்கும்படி வேலையை அமைத்தோம்.

ஒரு குழாயைத் துடிப்பே கொடுக்காமல் வைத்திருங்கள். அதே கலங்கள், அதே கழுவல், அதே கியூவெற், பொத்தான் மட்டும் அழுத்தப்படாதது. அதிலும் டி.என்.ஏ. வந்தால் அது கழுவலில் கசிந்தது. இந்த ஒப்பீட்டுக் குழாய் இல்லாத எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை.

நீல நீர்

துடிப்பு முடிந்தவுடன் 0.4 மில்லிலீற்றர் குளிர் திறிஸ் தாங்கற் கரைசலைச் சேருங்கள். அதன் பி.எச். 8 ஆகவும், அதில் ஈ.டி.ரி.ஏ. 10 மில்லிமோலராகவும் இருக்கட்டும். தாமதிக்காதீர்கள். அனபீனா போன்ற இனங்களில் டி.என்.ஏ.யை வெட்டும் நொதியங்கள் வலிமையானவை, கலம் திறந்ததும் அவையும் வேலையைத் தொடங்கிவிடும். ஐஸில் 10 நிமிடம் வைத்து, 12,000 ஜி விசையில் 10 நிமிடம் மையநீக்கம் செய்யுங்கள்.

இப்போது குழாயை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடியில் பச்சைக் கட்டி, மேலே தெளிந்த நீல நீர். அந்த நீலம் பைக்கோசயனின் என்ற புரதம். அது நீரில் கரையும், துளை வழியே வெளியேறும். பச்சையம் மென்சவ்வோடு ஒட்டியிருப்பதால் அடியிலேயே தங்கும். நீலம் வந்திருந்தால் கலம் திறந்துவிட்டது, வேறு சோதனை தேவையில்லை. மேல்நீர் பச்சையாகக் கலங்கியிருந்தால் சிதைந்த மென்சவ்வுத் துண்டுகள் மிதக்கின்றன, இன்னும் ஒரு முறை சுழற்றுங்கள். நிறமே இல்லையென்றால் நேர மாறிலிக் குறிப்பைத் திரும்பிப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நீலத்தைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது, முதன்முதல் பார்க்கும் மாணவர்களின் முகத்தைச் சொல்லவே வேண்டாம்.

தடித்த சுவருள்ள இழை இனங்களில் நீலம் மங்கலாகவே வரும். அவற்றுக்குத் துடிப்புக்கு முன் லைசோசைமில் 30 நிமிடம் ஊறவைத்து, பிறகு கழுவலை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

தூய்மைப்படுத்தல்

பி.சி.ஆர். மட்டும் போதுமென்றால் நீல நீரைப் பத்து மடங்கு ஐதாக்கி ஒரு மைக்ரோலீற்றர் எடுத்து நேரே பயன்படுத்திப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதும்.

தூய டி.என்.ஏ. வேண்டுமென்றால் இதுவரை விரட்டிய உப்பைத் திரும்ப அழைக்க வேண்டும். மேல்திரவத்தில் 600 மைக்ரோலீற்றர் எடுத்து, அதில் 5 மோலர் சோடியம் குளோரைட்டு 100 மைக்ரோலீற்றர் சேருங்கள். பிறகு, 0.7 மோலர் உப்பில் கரைத்த 10 வீத சி.டி.ஏ.பி. (சவர்க்காரம் போன்ற ஒரு பொருள்) 80 மைக்ரோலீற்றர் சேர்த்து 65 பாகையில் 10 நிமிடம் வையுங்கள். உப்பு 0.7 மோலர் அளவில் இருக்கும்போது சி.டி.ஏ.பி. பல்சக்கரைட்டையும் புரதத்தையும் பிடித்துக்கொண்டு டி.என்.ஏ.யை விட்டுவிடும். உப்பு குறைந்தால் டி.என்.ஏ.யையும் சேர்த்துப் பிடித்து வீழ்த்திவிடும். அளவை மாற்றாதீர்கள்.

பிறகு குளோரோபோமும் ஐசோஅமைல் அற்ககோலும் 24 க்கு 1 என்ற விகிதத்தில் கலந்த கலவையைச் சம கனவளவு சேர்த்துக் குலுக்கி, 12,000 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றுங்கள். இதை ஆவிக்கூண்டுக்குள் செய்யுங்கள். நீலப் புரதம் நடுப்படையில் ஆடைபோலத் திரண்டு நிற்கும், அதைத் தொடாமல் மேற்படையை மட்டும் எடுங்கள். அதற்கு 0.6 மடங்கு ஐசோபுரப்பனோல் சேர்த்து மையநீக்கம் செய்து, 70 வீத எதனோலால் கழுவி, உலர்த்தி, 50 மைக்ரோலீற்றர் தாங்கற் கரைசலில் கரையுங்கள். ஆர்.என்.ஏ.யை நீக்க ஆர்.என்.ஏஸ் நொதியம் சேர்த்து 37 பாகையில் அரை மணி நேரம்.

சரிபார்த்தல்

260 நனோமீற்றருக்கும் 280 நனோமீற்றருக்கும் உள்ள ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 அளவில் இருக்க வேண்டும். 620 நனோமீற்றரில் ஒரு மேடு தெரிந்தால் நீலப் புரதம் இன்னும் இருக்கிறது, குளோரோபோம் படியைத் திரும்பச் செய்யுங்கள். 260 க்கும் 230 க்கும் உள்ள விகிதம் 2 ஐ விட வெகுவாகக் குறைந்தால் பல்சக்கரைட்டைச் சந்தேகியுங்கள்.

0.8 வீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் மேலே ஒரு பட்டையும் அதன் கீழே மெல்லிய இழுவையும் தெரியும், துண்டுகள் பல அளவில் இருப்பதால் அது இயல்பு. முழுதும் கீழே வழிந்து போயிருந்தால் நொதியம் தின்றுவிட்டது. அப்படியானால் அடுத்த முறை ஐஸிலும் ஈ.டி.ரி.ஏ.யிலும் கண்டிப்பாக இருங்கள். கந்தளாய்க் குளத்து மாதிரி போன்றவற்றுக்கு, பி.சி.ஆரில் சயனோபற்றீரியாவுக்கே உரிய 16எஸ் தொடக்கிகளை (இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவில் பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை) தேர்ந்தெடுங்கள். பொதுத் தொடக்கிகளைப் பயன்படுத்தினால் சளிக்குள் குடியிருக்கும் வேறு பற்றீரியாக்களின் பட்டையைத்தான் காண்பீர்கள்.

குழாய்களை மறை 20 பாகையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் இனம், திகதி, மூன்று துடிப்புகளின் நேர மாறிலி, கடைசி நீர்க் கழுவலின் பி.பி.எம். ஆகிய நான்கையும் எதனோலில் அழியாத பேனாவால் எழுதுங்கள்.